"ஒரு சாஃப்ட்வேர் வேணும் தம்பி"ன்னு சொன்னா அடுத்து என்ன கேக்கணும்? ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை வச்சு ஒரு விளக்கம்

எங்க பக்கம் கல்யாணச் சமையல் பேச வர்ற மாஸ்டரைப் பாத்திருக்கீங்களா? முகப்புத் திண்ணைல உக்காந்து மோரைக் குடிச்சுட்டு "என்ன சமைக்கணும்"னு எடுத்த எடுப்புல கேக்க மாட்டார். மொத கேள்வி "எத்தனை இலை?". அப்புறம் முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொத நாள் ராத்திரியே வந்துருவாங்களா, தண்ணி போர்த்தண்ணியா லாரித்தண்ணியா, விறகா கேஸா, பரிமாற ஆள் உங்களதா என்னதா, இப்படியே போகும். எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு ஒரு தாள்ல சாமான் லிஸ்ட் எழுதி, "ஆச்சி, வாசிக்கிறேன் கேட்டுக்கங்க"ன்னு சத்தமா வாசிச்சுக் காட்டுவார், நடுவுல ஆச்சி "ஏப்பா, வெள்ளைப் பணியாரத்தை விட்டுட்டியே"ம்பாங்க, அதையும் எழுதிக்குவார். சாஃப்ட்வேர் உலகத்துல ரெக்வயர்மெண்ட் கேதரிங்னு பெரிய பேரு வச்சுருக்கறது இந்த வேலைக்குத்தான். ஆனா மாஸ்டர் முப்பது வருசமா செய்யறதை நாம ரெண்டு மீட்டிங்ல முடிக்கப் பாக்குறோம், அதான் சிக்கல்.

நான் காரைக்குடில இருந்துக்கிட்டு சின்ன சின்ன தொழில் பண்றவங்களுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கறவன். இந்த வேலைக்கு புதுசா வர்ற பசங்க கேக்கறதாலதான் இதை எழுதுறேன். உதாரணத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் (எங்க பக்கம் சிமெண்டுல கையாலயே போடற பூ டிசைன் தரைக்கல்லு) பட்டறை ஒண்ணுக்கு செஞ்ச வேலையவே எடுத்துக்கறேன்.

பட்டறை ஓனர் அண்ணன் போன்ல சொன்னது ஒரே வரி: "தம்பி, ஸ்டாக் பாக்குற மாதிரி ஒரு ஆப் வேணும்." புதுசா வர்றவன் இதைக் கேட்டதும் லேப்டாப்பைத் தொறந்து ஸ்டாக் டேபிள் போட ஆரம்பிச்சுருவான். அங்கதான் மொத தப்பு. ஸ்டாக் ஆப்ங்கறது அவர் மனசுல தோணுன தீர்வு, அவருக்கு இருக்கற பிரச்சினை அது இல்ல. பிரச்சினை என்னன்னு தெரிஞ்சுக்க நான் கேட்ட கேள்வி, "அண்ணே, கடைசியா கஸ்டமர் கூட எப்ப சண்டை வந்துச்சு, எதுக்கு?". மனுசன் ஒரு நிமிசம் சும்மா இருந்துட்டு பொரிஞ்சு தள்ளிட்டார். ஒருத்தருக்கு ஹால் பூரா ஒரே டிசைன், பாதி டைல்ஸ் குடோன்ல இருந்தது, மீதிய புதுசா போட்டு அனுப்பிருக்காங்க, பதிச்சு முடிச்சப்பறம் பாத்தா ஹாலுக்கு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ரெண்டு சிவப்பு. அப்ப ஸ்டாக்ல "இந்த டிசைன் இத்தனை கல்லு"ன்னு காட்டுனா போதாது, எந்த நாள் போட்ட கலவைன்னும் காட்டணும். ஸ்டாக்னு சொன்னவர் வாயில இது வரல, சண்டைன்னு கேட்டதும் வந்துச்சு. "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டா ஜனங்க கற்பனைல பதில் சொல்லுவாங்க, "போன தடவை என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா நடந்ததைச் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த வேலைல இதைவிட பெரிய ரகசியம் எதுவும் இல்ல.

அடுத்தது யார்கிட்ட கேக்கறது. ஸ்டேக்ஹோல்டர்னு சொல்றோம்ல, அந்த சாஃப்ட்வேரால நல்லதோ கெட்டதோ யாருக்கெல்லாம் வந்து சேருமோ அவங்க எல்லாரும். செட்டிநாட்டுக்காரனுக்கு இதைப் புரிய வைக்கறது சுலபம். இங்க பெரிய பெரிய வீடெல்லாம் இன்னும் பாகம் பிரியாம பத்து இருபது பங்காளி பேர்ல கிடக்கும், ஒருத்தர் சென்னைல, ஒருத்தர் மலேசியால, ஒருத்தர் எங்கன்னே தெரியாது, வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, ஓடு மாத்தணும்னாக்கூட அத்தனை பேரும் சரிங்கணும். வீட்டுல குடியிருக்கறவர் ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டுட்டு வேலைய ஆரம்பிச்சா என்ன ஆகும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சாஃப்ட்வேர்லயும் அதேதான், என்ன, இங்க பங்காளிங்க பேரு பத்திரத்துல இருக்காது, நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்.

இதுல நான் பட்ட அடி ஒண்ணைச் சொல்லிடறேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு அரிசி மில்லுக்கு நெல் வரவு பதியற சாஃப்ட்வேர் செஞ்சேன். முதலாளிகிட்ட கேட்டேன், கணக்குப்பிள்ளைகிட்ட கேட்டேன், ரெண்டு பேரும் சொன்ன மாதிரியே செஞ்சேன், முதலாளி கைகுடுத்தார். மூணாவது வாரமே கணக்கு இடிக்க ஆரம்பிச்சுருச்சு. போய்ப் பாத்தா, நெல் லாரியில பாதி, ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு மணிக்குத்தான் வருது, அந்த நேரத்துல எடை மேடைல இருக்கறது வாட்ச்மேன் ஐயா மட்டும், அவருக்கு லாகின் கிடையாது, நான் குடுக்கவே இல்ல. அவர் பீடிக்கட்டு அட்டைல லாரி நம்பரும் எடையும் எழுதி வச்சு காலைல கணக்குப்பிள்ளைகிட்ட குடுக்கறார், கணக்குப்பிள்ளை நேரம் கிடைக்கறப்ப ஏத்தறார், சிஸ்டத்துல தேதி மாறிப் போகுது. அந்த மில்லுல அந்த சாஃப்ட்வேரை யாரைவிடவும் அதிகமா தொட வேண்டியவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. அவர் மில்லு வாசல்லதான் உக்காந்திருந்தார், நான் ஒவ்வொரு தடவையும் வணக்கம் வச்சுட்டுத்தான் உள்ள போனேன்.

அதனால இப்பல்லாம் மொத வேலையே ஒரு தாள்ல பேரு எழுதறதுதான். யார் காசு குடுக்கறா, யார் தினமும் தொடுவா, யாருக்கு இதுல இருந்து தகவல் போகும், இது வந்தா யாருக்கு வேலை கூடும் அல்லது அதிகாரம் குறையும். கடைசிக் கேள்விய விட்டுறாதீங்க. சாஃப்ட்வேர் படுத்துக்கறதுக்கு பாதிக் காரணம் அந்த ஆளுதான். புஸ்தகத்துல இதுக்கு நாலு கட்டம் போட்டுக் காட்டுவாங்க, ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை. அதிகாரமும் அக்கறையும் உள்ளவரை எப்பவும் கூடவே வச்சுக்கணும், அதிகாரம் இருந்து அக்கறை இல்லாதவரை திருப்தியா வச்சுக்கணும், இப்படி. கட்டம் நல்ல கட்டந்தான், ஆனா அதுல வாட்ச்மேன் "அதிகாரம் கம்மி" மூலைல போய் விழுந்துருவார், அந்த மூலைதான் நம்மளைக் கவுத்துரும். கட்டத்தைப் போட்டுட்டு அந்த மூலைய ரெண்டு தடவை பாருங்க.

டைல்ஸ் பட்டறைல என் தாள்ல வந்த பேருங்க: ஓனர் அண்ணன், கணக்கு பாக்குற பொண்ணு, மேஸ்திரி, கல்லு போடுறவங்க, லாரி ஏத்தறவர், சிங்கப்பூர்ல இருந்து ஆன்லைன் ஆர்டர் பாக்குற அண்ணன் மகன், அப்புறம் கஸ்டமர்ல ரெண்டு பேர். முழுசா இருக்குன்னு நெனச்சேன். இல்லைங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுது, அதுக்கு வர்றேன்.

கேக்கற முறை பலது இருக்கு. தனித்தனியா உக்கார வச்சுப் பேசறது, எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசறது, இருக்கற நோட்டு பில்லு சிட்டை எல்லாத்தையும் வாங்கிப் படிக்கறது, ஸ்கிரீனைத் தாள்ல வரைஞ்சு காட்டி திட்டு வாங்கறது. எல்லாமே வேணும், ஆனா முதலாளி முன்னாடி வேலையாளுங்ககிட்ட கேக்காதீங்க, "எல்லாம் நல்லாத்தாங்க போகுது"ன்னு ஒரே பதில்தான் வரும். எனக்குப் பிடிச்ச முறை சும்மா போய் பக்கத்துல உக்காந்து பாக்கறது.

பட்டறைல ரெண்டு நாள் அப்படி உக்காந்தேன். கண்ணாடி ஒண்ணைத் தொடச்சு வைக்கறாங்க, மேல இரும்புச் சட்டம், அதுக்குள்ள பூ டிசைன் அச்சு, அச்சோட ஒவ்வொரு அறைலயும் கலர் சிமெண்டுக் கரைசலை சின்னக் கரண்டியால ஊத்தறாங்க, அச்சைக் கை நடுங்காம மேல தூக்கறாங்க, மேல காஞ்ச மணலும் சிமெண்டும் தூவி, அப்பறம் ஈரக் கலவைய அள்ளிப் போட்டு சமம் பண்ணி அடுக்கறாங்க. சூளை கிடையாது, சுடறது கிடையாது. காஞ்சப்பறம் தண்ணித் தொட்டில சில நாள் ஊறி, வெளிய வந்து காஞ்சு, கண்ணாடி கழண்டாத்தான் அது கல்லு. அந்த மினுமினுப்பே கண்ணாடி குடுக்கறதுதான்.

இதைப் பாத்துக்கிட்டே நான் நோட்டுல எழுதுனது மூணு. ஒண்ணு, "கல்லு ரெடியா"ங்கற கேள்விக்கு ஆமா இல்லைன்னு ரெண்டு பதில் போதாது, போட்டது, தொட்டில இருக்கறது, காயறது, கழண்டதுன்னு நாலு நிலை இருக்கு. ரெண்டு, எல்லார் கையும் சாயந்திரம் வரைக்கும் சிமெண்டு, அந்தக் கையோட யாரும் போனைத் தொட மாட்டாங்க, தொட்டாலும் ஸ்கிரீன் வேலை செய்யாது. அப்ப "ஒவ்வொரு கல்லு போட்டதும் ஆப்ல தட்டணும்"னு நான் யோசிச்சு வச்சிருந்தது குப்பை. செவுத்துல ஒரு கரும்பலகை இருக்கு, அதுல கோடு போடறாங்க, அது இருக்கட்டும், சாயந்திரம் மேஸ்திரி கைய கழுவிட்டு ஒரே தடவை ஏத்தட்டும். மூணாவது, பட்டறைல சிக்னல் வந்து வந்து போகுது, நெட் இல்லைன்னாலும் பதிவு ஆகணும், அப்பறம் நெட் வந்ததும் போய்ச் சேரணும். இந்த மூணையும் எந்த மீட்டிங்லயும் யாரும் சொல்லிருக்க மாட்டாங்க, அவங்களுக்கு அது சொல்ல வேண்டிய விசயமாவே தோணாது.

இதுலயே ரெண்டு வகை இருக்கறதைக் கவனிச்சிருப்பீங்க. கல்லோட நாலு நிலைய காட்டணுங்கறது சாஃப்ட்வேர் என்ன செய்யணுங்கறது, அது ஃபங்ஷனல். நெட் இல்லாம ஓடணும், தமிழ்ல இருக்கணும், வேகமா இருக்கணுங்கறது எப்படி செய்யணுங்கறது, அது நான்ஃபங்ஷனல். சமையல்ல சொன்னா சாம்பார் இருக்கணுங்கறது மொதல் வகை, கடைசிப் பந்திக்கும் சூடா இருக்கணுங்கறது ரெண்டாவது. மக்கள் மொதல் வகைய கேட்டு வாங்குவாங்க, ரெண்டாவதுக்காகத் திட்டுவாங்க.

அளவு பத்தி ஒரு விசயம், இது எந்தத் தொழிலுக்குப் போனாலும் வரும். ஓனர் சதுர அடில பேசறார், மேஸ்திரி கல்லு எண்ணிக்கைல பேசறார். 300 சதுர அடி ஹாலுன்னு வச்சுக்கங்க. 12 இன்ச் கல்லுன்னா 300 கல்லு, 10 இன்ச்னா 432, 8 இன்ச்னா 675. ஒரே "முன்னூறு", மூணு விதமான வேலை. பார்டர் கல்லை ரன்னிங் அடில சொல்றாங்க, மூலைக் கல்லை எண்ணிக்கைல. அதனால ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்னு மொத வாரத்துலயே ஒரு அகராதி போட்டுருங்க. ஆர்டர்னா என்ன, அட்வான்ஸ் வந்தாத்தான் ஆர்டரா, போன்ல சொன்னாலே ஆர்டரா? இந்த ஒரு கேள்விக்கு எனக்கு அங்க மூணு பேர்கிட்ட மூணு பதில் கிடைச்சுது. கணக்கு பாக்குற பொண்ணுக்கு அட்வான்ஸ் ஏறுனாத்தான் ஆர்டர், அண்ணனுக்கு தெரிஞ்சவர் வாய்ல சொன்னாலே ஆர்டர், மேஸ்திரிக்கு அச்சு எடுத்துக் குடுத்தாத்தான் ஆர்டர்.

இப்படி மோதல் வரும். வந்தா பயப்படாதீங்க, இப்பவே வந்துச்சேன்னு சந்தோசப்படுங்க. பட்டறைல உண்மையான மோதல் தேதிலதான் இருந்துச்சு. மார்கழில யாரும் குடி போறதில்லை, தை பொறந்தா வரிசையா கிரகப்பிரவேசம், அதுக்கு முன்னாடி ஐப்பசி கார்த்திகைல மழை, கல்லு காயாது. எல்லா ஆர்டரும் அந்த நேரத்துல வந்து குமியும். அண்ணன் போனை எடுத்து "தை பொறக்கறதுக்குள்ள குடுத்துரலாம்ணே"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருவார், மேஸ்திரி பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓவர்டைம் பாப்பார், காயாத கல்லை லாரில ஏத்தி உடையும். ஸ்டாக் ஆப்னு ஆரம்பிச்ச கதையோட வேர் இது. தேதி சொல்ற உரிமை யாருக்கு? இதை ஒரு சாஃப்ட்வேர்காரன் முடிவு பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. நான் செஞ்சது, ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசி, அப்பறம் ஒண்ணா உக்கார வச்சு போன வருசத்து உடைசல் கணக்கை நோட்டுல இருந்து எடுத்து நடுவுல வச்சதுதான். அண்ணன் கொஞ்ச நேரம் நோட்டையே பாத்தார். "சரி, தேதிய அவரு போடட்டும், நான் மாத்துனா காரணம் எழுதிட்டு மாத்தறேன்." அந்த ஒரு வாக்கியம் எங்க லிஸ்ட்ல 14ஆம் நம்பர்.

எல்லாத்தையும் மொத பதிப்புலயே செய்ய முடியாது, அதனால வரிசை போடணும். இதுக்கு மாஸ்கோன்னு ஒரு முறை இருக்கு, 1994ல ஆரக்கிள்ல வேலை பாத்த டாய் கிளெக்ங்கறவர் கொண்டு வந்தது, மஸ்ட், ஷுட், குட், வோண்ட்ங்கற நாலு இங்கிலீஷ் சொல்லோட எழுத்தைச் சேத்து வச்ச பேரு, ரஷ்யாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கட்டாயம் வேணும், இருக்கணும் ஆனா இல்லாமயும் ஓட்டலாம், இருந்தா நல்லது, இந்தத் தடவை வேணாம், இந்த நாலு கூடைல பிரிச்சுப் போடறது. ஜனங்க எல்லாத்தையும் மொத கூடைல போடுவாங்க, சீர் லிஸ்ட் மாதிரி எதையும் விட மனசு வராது. "இது இல்லாட்டி நாளைக்கு பட்டறை நின்னு போயிருமா?"ன்னு கேளுங்க, பாதி எறங்கிரும். என் கருத்துல நாலாவது கூடைதான் விலை உயர்ந்தது, "இந்தத் தடவை வேணாம்"னு எழுதி வச்சுட்டா பின்னாடி "அன்னிக்கே சொன்னேனே"ங்கற பேச்சு வராது. சிங்கப்பூர்ல இருக்கற மகனோட ஆன்லைன் கடை அந்தக் கூடைல போச்சு, அவருக்கு வருத்தந்தான், வீடியோ கால்ல மூஞ்சி தெரிஞ்சுது.

எழுதற விதம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், யார் கேட்டது, ஏன் கேட்டது, முடிஞ்சுதான்னு எப்படி சோதிக்கறது. "ஆப் வேகமா இருக்கணும்" எழுதாதீங்க, வேகம்னா உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. "டிசைன் பேரை அடிச்சா 3 செகண்டுக்குள்ள கலவைத் தேதியோட எண்ணிக்கை வரணும்"னு எழுதுங்க, கடிகாரத்தை வச்சுப் பாத்துரலாம். ஒரு வழி, கதை மாதிரி எழுதறது: "மேஸ்திரியா எனக்கு, எந்தத் தொட்டி நாளைக்குக் காலியாகும்னு தெரியணும், எதுக்குன்னா அதைப் பாத்துத்தான் அடுத்த கல்லு போடுவேன்." யாரு, என்ன, எதுக்கு, மூணும் ஒரே மூச்சுல வந்துரும். யூசர் ஸ்டோரின்னு சொல்றாங்க, இந்த மூணு துண்டு வடிவம் 2001 வாக்குல இங்கிலாந்துல கனெக்ஸ்ட்ராங்கற கம்பெனில பழக்கத்துக்கு வந்தது. பெரிய அரசாங்க வேலைக்கெல்லாம் இது போதாது, முழு ஆவணம் கேப்பாங்க, முன்னாடி அதுக்கு ஐஇஇஇ 830னு ஒரு தரம் இருந்துச்சு, 2011ல அதுக்கு பதிலா ஐஎஸ்ஓ 29148 வந்து 2018ல திருத்துனாங்க. சின்ன பட்டறைக்கு அவ்வளவு வேணாம், ஆனா அதுல சொல்ற குணங்கள் எல்லாம் வேணும்: ரெண்டு அர்த்தம் வரக்கூடாது, ஒண்ணுக்கொண்ணு முட்டக்கூடாது, சோதிச்சுப் பாக்க முடியணும், எங்க இருந்து வந்துச்சுன்னு திரும்பிப் போய்ப் பாக்க முடியணும்.

எழுதி முடிச்சுட்டு மெயில்ல அனுப்பி "ஓகே சார்"னு பதில் வாங்கறது சம்மதம் ஆகாது, அவர் தொறந்தே பாத்திருக்க மாட்டார். சமையல் மாஸ்டர் மாதிரி வாசிச்சுக் காட்டணும். நான் லிஸ்ட்ல இருந்த 31 தேவையையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டு வளவுல எல்லாரையும் உக்கார வச்சு வாசிச்சேன், ஒரு மணி நேரம் ஆச்சு, அஞ்சு எடத்துல திருத்தம், கடைசில அண்ணனும் மேஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க. இதை பேஸ்லைன்பாங்க. இதுக்கப்பறம் எதுவும் மாறக்கூடாதுன்னு அர்த்தம் இல்ல, மாறுனா நம்பர் போட்டு, எத்தனை நாள் கூடும், எவ்வளவு காசு, எது தள்ளிப் போகும்னு எழுதி, அதே ரெண்டு பேரும் சரின்னா மாறும். நேர்ல பாக்கறப்ப "அப்படியே அதையும் போட்டுரு தம்பி"ன்னு சொல்றதுக்கு சிரிச்சுக்கிட்டே "எழுதிக்கறேண்ணே"ன்னு சொல்லிப் பழகுங்க. இல்லைன்னும் சொல்லாதீங்க, செஞ்சுர்றேன்னும் சொல்லாதீங்க. இந்த "அப்படியே" இருக்கே, இது ஒண்ணு ஒண்ணா சேந்துதான் மூணு மாச வேலை எட்டு மாசம் ஆகுது.

அன்னிக்கு கையெழுத்தெல்லாம் முடிஞ்சு நான் தாளை மடிக்கறப்ப, பட்டாலைல உக்காந்து வெத்தலை மடிச்சுக்கிட்டிருந்த அண்ணனோட அம்மா கூப்டாங்க. ஒரு மணி நேரமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.

"ஏன் அப்பு, குடி போற தேதி கேக்குது, கல்லு அனுப்புற தேதி கேக்குதுங்கிறீக. பதிக்க நம்ம ஊரு ஆளுகதான போறாக, அவுக என்னைக்கு எங்க இருக்காகன்னு அதுல எங்க இருக்கு?"

அண்ணன் என்னைப் பாத்தார், நான் மேஸ்திரியைப் பாத்தேன். பதிக்கிறவங்களை நாங்க யாரும் பட்டறை ஆளா நெனைக்கவே இல்ல, அவங்க பட்டறைல சம்பளம் வாங்கறதில்ல. ஆனா கல்லு போய் எறங்கி ஆள் இல்லாம பத்து நாள் மழைல கிடந்த கதை ஒண்ணை ஆச்சி அங்கேயே சொன்னாங்க. பட்டறை பூட்டியிருக்கறப்ப வர்ற போனெல்லாம் வீட்டு லேண்ட்லைனுக்குத்தான் வருது, ஆச்சிதான் எடுக்கறாங்க, பதில் சொல்றாங்க. என் தாள்ல அவங்க பேரும் இல்ல.

மடிச்ச தாளை விரிச்சேன். 32, பதிக்கிற ஆள் இருப்பு, கேட்டவர் ஆச்சி, 9 நாள் கூடும், ரெண்டாவது பதிப்புல. 33, போன் எடுக்கறவங்களுக்கு பெரிய எழுத்துல, தமிழ் மாசத் தேதியோட ஒரு பக்கம். அண்ணன் பேனாவை வாங்கி ரெண்டுக்கும் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு, "ஆத்தாவையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க தம்பி"ன்னார்.